பூனைக்கும் நாய்க்கும் நடுவில் ஓடிய தறி

எங்கள் வீட்டுப் பூனையை நாங்கள் வளர்த்தோம் என்று சொன்னால் அது பொய். வேலைக்கு வைத்திருந்தோம். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற, கஞ்சி போட்ட பாவு நூல் எலிக்குப் பலகாரம் மாதிரி. தறி ஓடுகிற வீட்டில் பூனை இல்லையென்றால், காலையில் எழுந்து பார்க்கும்போது தறியில் ஏற்றிய பாவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். அன்றைக்கெல்லாம் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிபோட வேண்டியதுதான். அதனால் திருத்தணியில் எங்கள் தெருவில் தறி இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூனை உண்டு. எங்களுடையது சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட பெட்டை. யார் மடியிலும் வந்து உட்காராது. பால் ஊற்றினால் குடிக்கும், குடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

அது தூங்குகிற இடம் தறிக்கொட்டகை. வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் போட்டிருக்கிறோம், லுங்கி ஓடுகிறது. காலையில் போட்டால் ராத்திரி படுக்கும்போதுதான் நிறுத்துவோம். நான்கும் சேர்ந்து ஓடும்போது தரை அதிரும், சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். மூன்றாவது தறிக்கு மேலே பரணில் கழிவு நூல் மூட்டைகள் இருக்கும். அவற்றின் மேல், அந்தத் தடதடப்புக்கு நடுவில், பூனை வயிறு தெரிய மல்லாந்து தூங்கும். தறி நின்றால்தான் கண்ணைத் திறக்கும். நாங்களும் அப்படித்தான். இழை அறுந்து ஒரு தறி நின்றால் சமையலறையில் இருக்கிற எனக்கு உடனே தெரிந்துவிடும். ஓடும்போது அது ஓடுவதே தெரியாது.

வெளியாள் வந்தால் அவர்கள் பேசுவதில் பாதி எங்கள் காதில் விழாது. அதற்காக ஒவ்வொரு தடவையும் "இன்னா, இன்னா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது. தறிக்காரர் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் இந்தத் தலையாட்டல் கைவந்த கலை. எனக்கு ரொம்பவே.

இந்த வீட்டுக்குத்தான் அந்தப் பெரிய நாய் வந்து சேர்ந்தது.

என் அக்கா போன வருஷம் இறந்துபோனாள். அவளுக்கு வீடு அரக்கோணத்தில். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் தெலுங்கும் கலந்து புழங்குவதால் அக்கா கணவரை பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். காரியம் முடிந்து கிளம்பும்போது, சென்னைக்குப் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். அங்கே நாயைச் சேர்க்க மாட்டார்களாம். பாவா "பாக்கலாம்பா" என்றார். அவர் பாக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். பெற்ற பிள்ளைக்கு அது தெரியவில்லை.

நாய் அக்காவுடையது. பக்கத்தில் குடியிருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று மாற்றலாகிப் போகும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஜெர்மன் ஷெப்பர்டும் வேறு எதுவோவும் கலந்த ஜாதி. நின்றால் என் இடுப்புக்கு வரும். அதற்கு இந்திதான் புரியும். "உக்காரு" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். "பைட்டோ" என்றால் சட்டென்று உட்கார்ந்துவிடும். அக்கா அந்த நாய்க்காகவே பத்துப் பன்னிரண்டு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டு, அதைத் தக்காளி வாங்கும்போதுகூடப் பேசிப் பார்ப்பாள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அரக்கோணத்துக்குப் போனேன். பாவா ஹோட்டலில் இருந்து பொட்டலம் வாங்கிவந்து, பாதியை நாய்க்கு வைத்துவிட்டு மீதியைத் தானும் சாப்பிடாமல் மூடி வைத்திருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "எங்க வூட்டுக்கு வந்துடுங்க பாவா" என்றேன்.

"அது வந்தா நானும் வரேன்மா. அத வுட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்" என்றார்.

அவர்மேல் இரக்கப்பட்டு மட்டும் கூப்பிடவில்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதில் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் நாங்கள் முறை போட்டுக்கொண்டு உட்காருவோம். ஒருத்தி இழை அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி அங்கேயே பாயைப் போட்டுத் தூங்குவாள். அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள். எனக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயது நெருங்கியும் அவளுக்கு நான் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி இரண்டு நாளும் பாவா மட்டும்தான் கூட இருந்தார். அவள் என்ன பேசினாள், என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. என் வீட்டிலேயே இருந்தால் என்றைக்காவது அவராகவே சொல்வார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடும்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், "அண்ணன் வரட்டும், நாயும் வரட்டும். ஆனா பூனை பூடுச்சுன்னா பாவு பூடும், அத மட்டும் பாத்துக்கோ" என்றார். ஆக, நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால்தான் பாவா இருப்பார். கணக்கு அவ்வளவுதான்.

குட்டியானை வண்டியில் இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, நாய், பாவா எல்லாம் வந்து இறங்கினார்கள். தெருப்பிள்ளைகள் நாயைப் பார்த்து "கன்னுக்குட்டிடா" என்று ஓடிவந்தார்கள். நாய் யாரையும் கண்டுகொள்ளாமல் வாசற்படியில் ஏறி மூக்கை உள்ளே நீட்டியது. பூனை அப்போதுதான் பால் குடித்துவிட்டுச் சமையலறையில் இருந்து வெளியே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பூனை உடம்பை உப்பிக்கொண்டு இரண்டு பங்கு ஆனது. நாய் இன்னும் ஓர் அடி வைத்தது. அடுத்து நான் பார்த்தபோது நாயின் மூக்கில் ரத்தம், பூனை பரணில்.

அன்றிலிருந்து வீடு இரண்டாகப் போனது. முன்கட்டில் நாயும் பாவாவும், பின்கட்டில் பூனையும் தறியும், நடுக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பூனைக்குப் பாலைக் கொட்டகைக்கே கொண்டுபோய் ஊற்றினேன். அது என்னவோ நான்தான் அந்த நாயைப் பெற்றெடுத்து வந்த மாதிரி என்னைப் பார்த்தது.

தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா, இரண்டும் ஒரே வாசனையாக இருந்தால் சண்டை வராது என்று சொல்லி, மலைக்கோயிலில் இருந்து சந்தனமும் விபூதியும் வாங்கிவந்து, "மொட்ட போட்ட தலைல பூசற மாதிரி நல்லா பூசு" என்றாள். நாய் "பைட்டோ" என்றதும் உட்கார்ந்து, நெற்றி நிறையச் சந்தனம் வாங்கிக்கொண்டு பக்தனாட்டம் இருந்தது. பூனைக்குப் பூசப் போனதில் என் முழங்கை கிழிந்ததுதான் மிச்சம். தெரியாத்தனமாக முதுகில் ஒட்டிய கொஞ்சத்தையும் அது சாயங்காலம் வரை நக்கி நக்கித் துப்பிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா மறுநாள் வந்து, "இன்னா, சேந்துச்சா?" என்று கேட்டபோது முழங்கையைக் காட்டினேன்.

என் மகள் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறவள். அவள் ரயிலில் உட்கார்ந்து போனில் இதைப் பற்றியெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். "ஒண்ணு படுத்த துணிய இன்னொண்ணுகிட்ட போடும்மா. அப்புறம் தெனமும் கொஞ்ச நேரம் தூரத்துல இருந்து காட்டு. ரெண்டும் அமைதியா இருக்கிற நேரமா பாத்து காட்டணும், அதான் முக்கியம்" என்றாள்.

அவள் சொன்னது சரியான யோசனை. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்ட விதம்தான் தறிக்காரத்தனம். எங்கள் வீட்டில் எது அமைதியான நேரம்? நான்கு தறியும் இழை அறாமல் ஓடுகிற நேரம். பூனை கால் நீட்டிப் படுத்திருக்கும், என் கணவர் ஒரு பீடி பற்றவைப்பார், எனக்கும் மனது நிம்மதியாக இருக்கும். வேறு எந்த நேரத்தைச் சொல்வது? தினமும் காலை பத்து மணிக்கு மேல், தறிகள் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுக்கதவைத் திறந்து நாயைக் கொண்டுவந்து நிறுத்தினோம்.

நாய் கதவருகே வந்ததும் குரைக்கத் தொடங்கும். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், உடம்பு நடுங்கும், நாக்கு தொங்கி எச்சில் கோடாக ஒழுகும். "பூனைய பாத்து எச்சி வுடுது பாரு" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பூனை பரணில் இருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அது அமைதியாக இருக்கிறது, நாய்க்குத்தான் வெறி அடங்கவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பாவா சங்கிலியைப் பிடித்தபடி எதையோ சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். மறுநாளும் அதே நேரத்துக்குக் கொண்டுவருவோம்.

பாவா எப்போதுமே மெல்லப் பேசுகிறவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சு இன்னும் குறைந்துபோன மாதிரி இருந்தது. சாப்பாடும் குறைந்தது. ஒரு கரண்டி சோறு, அதற்குக் கொஞ்சம் குழம்பு, அவ்வளவுதான். நான் பரிமாறிவிட்டு, தறிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதற்குள் தட்டில் கை கழுவியிருப்பார். அக்கா போன துக்கம், மெல்லத்தான் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாய் அவர் காலடியில் படுக்காது. வாசல் கேட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு தெருவையே பார்த்து நிற்கும்.

ஒரு நாள் அது நடந்தது. வழக்கம்போல நாயை நிறுத்தியிருந்தோம். அன்றைக்குச் சங்கிலி என் கணவர் கையில். முதல் தறியில் நாடா தெறித்தது. தறி வீட்டில் இது எப்போதாவது நடப்பதுதான். ஊடு நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிற நாடாக்கட்டை தடம் மாறிப் பறந்து சுவரில் படார் என்று மோதும். நாங்கள் குனிந்துகொள்வோம், அவ்வளவே. நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. வெளியே ஓடியிருந்தால் பரவாயில்லை. திக்குத் தெரியாமல் உள்ளே பாய்ந்து, மூன்றாவது தறியின் அடியில் நுழைந்து, பாவுக்குள் தலையை விட்டது. என் கணவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். பூனை பரணில் இருந்து தாவி, சன்னல் வழியாக ஓட்டு மேல் ஏறிப் போய்விட்டது.

நாய்க்கு அடி எதுவும் இல்லை. பாவு பாதிக்கு மேல் அறுந்து தொங்கியது. என் கணவர் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக எடுத்து முடிபோட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவா நாயின் கழுத்தில் சுற்றியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் கெளம்புறேன்மா. ஒத்துவராது" என்றார். தறிகள் நின்றிருந்ததால் அவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

நான் என்னென்னவோ சொன்னேன். "பாவத்த, பூனையும் வூட்ட வுட்டு பூடுச்சு. எங்களால ஒனக்கு இன்னா கஷ்டம்" என்றார். பூனை அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்ததை என் மகள் பார்த்தாள். கூப்பிட்டால் வரவில்லையாம். அந்த வாரமே எலி வந்து நாலாவது தறியின் பாவைக் கடித்தது.

எங்கள் தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் கரண்ட் இல்லாத நாளில்தான் வைத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் இருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி, அன்றைக்குத்தான் பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்குவது, மலைக்குப் போய் மொட்டை போடுவது. ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு யாரும் எங்கும் போகமாட்டோம். பாவாவை அரக்கோணத்தில் கொண்டுபோய் விடவும் அந்த நாளைத்தான் குறித்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி வரும் என்று ஏற்பாடு.

அன்று காலை கரண்ட் போனது. எங்கள் நான்கு தறியும், பக்கத்து வீட்டுத் தறிகளும், தெரு முழுக்க எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. என் கணவர் வண்டிக்காரரைப் பார்த்துவரக் கிளம்பினார். பாவா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தார். கடைசிச் சாப்பாடாயிற்றே என்று முருங்கைக்காய்க் குழம்பும் தக்காளி ரசமும் வைத்துக்கொண்டிருந்தேன். ரசம் நுரை கட்டுகிற சத்தம் கேட்டது. மலையில் ஒலிபெருக்கியில் யாரோ காணாமல்போன பிள்ளையைத் தேடுகிறார்கள், அது கேட்டது. இவ்வளவு சத்தம் எல்லா நாளும் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கூடத்து நடுவில், பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டி, வாய் லேசாகத் திறந்து. எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து பகலில் அது அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. பாவா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாவா, இன்னிக்கி இப்படி தூங்குது" என்றேன்.

"சத்தம் இல்ல இல்லம்மா. வந்ததுல இருந்து பகல்ல பாவம் தூங்கவே இல்லியே" என்றார்.

"அரக்கோணத்து நாயிதான பாவா? அங்க ரயிலு, ஏரோப்ளேன் எல்லாம் போவுதே."

"ரயிலு வரும், போயிடும். இது போவவே இல்லியேம்மா. அத கொண்டாந்து தறிகிட்டயே நிக்கவெச்சா அது இன்னா பண்ணும்? அன்னன்னிக்கும் சொல்லிகினுதான் இருந்தேன்."

நான் கரண்டியோடு நின்றேன். நாய் பூனையைப் பார்த்துக் குரைக்கவே இல்லை. அது பூனையைப் பார்த்ததா என்பதே சந்தேகம். எங்களுக்கு அமைதியாக இருந்த நேரம் பார்த்து அதன் உயிரை எடுத்திருக்கிறோம், ஒரு நாள் விடாமல்.

அப்போதுதான் கொட்டகைப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். நடுக்கதவு அன்று சாத்தவில்லை. ஓடிப்போன பூனை சன்னல் வழியாக வந்து, பரணில் இருந்து தரைக்குக் குதித்திருந்தது. தறி நின்றால் விழித்துக்கொள்கிற பூனை அது. பட்டப்பகலில் இத்தனை தறியும் ஒன்றாக நின்றதும், என்ன ஆயிற்று என்று பார்க்க வந்துவிட்டது போலிருக்கிறது. வயிறு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தறியாக மோந்து பார்த்தது. மூன்றாவது தறிக்கடியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேஸ்திரி மாதிரி நிதானமாக நடந்து நடுக்கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது.

பாவா நாயின் கழுத்துப் பட்டையை மெல்லப் பிடித்துக்கொண்டார். நாய் கண்ணைத் திறந்தது. பூனையின் முதுகு மயிர் எழுந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, தலையை மறுபடி தரையில் வைத்தது. வால் மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. பூனை அந்த வாலையே பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு நாயைச் சுற்றிக்கொண்டு போகாமல், நேராக அதன் மூக்குக்கு முன்னால் நடந்து சமையலறைக்குள் வந்து, பால் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து என்னை முறைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாலை ஊற்றினேன்.

பாவாவுக்கு இலை போட்டேன். சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அவர் சாப்பிட்டதும் ரசம் ஊற்றிவிட்டு வழக்கம்போலத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."

திரும்பிப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் கேட்டீங்களா பாவா?"

"ஆங். கேப்பேன். நீ தலையாட்டிட்டு போவே. செரி, தறிகிட்ட வேலை இருக்குது போலன்னு கை கழுவிடுவேன்."

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தில் சாப்பிடாமல் இருக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மனுஷன் என் வீட்டில் பசியோடு எழுந்து போயிருக்கிறார். அன்று அவர் மூன்று தடவை சோறு வாங்கினார்.

வண்டியோடு வந்த என் கணவர் வாசலில் செருப்பை விடும்போதே கூடத்தைப் பார்த்துவிட்டார். ஒரு பக்கம் நாய், பால் குடித்த மயக்கத்தில் இன்னொரு பக்கம் பூனை. நடந்ததைச் சொன்னேன். சத்தத்துக்குப் பயந்த நாயை எச்சில் விடுகிறது என்று சொன்னவர் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். பாவாவின் பெட்டியைத் தானே உள்ளே தூக்கிவந்து வைத்தார். சாயங்காலம் கரண்ட் வந்ததும் கொட்டகைக்குப் போனவர், சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்து, "அண்ணா, போடட்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"செத்த இரு, நாங்க ஒரு நட போயிட்டு வரோம்" என்று பாவா நாயோடு மலையடிவாரத்துப் பக்கம் கிளம்பினார்.

அப்படியே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காலையில் தறி போடுவதற்குள் பாவாவும் நாயும் கிளம்பிவிடுவார்கள். அடிவாரக் குளத்துப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கே காவடிக்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெயில் உச்சிக்கு ஏறினதும் வீட்டுக்கு வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நான்கு தறியையும் நிறுத்துவோம். "மிஷினு சூடு தணியட்டும்" என்று என் கணவர் தெருவில் சொல்லிக்கொள்கிறார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் மாடி அறைக்குப் போய்விடுவார்கள், அங்கே சத்தம் பாதிதான். பூனை மதியம் தறி நின்றதும் எழுந்துவந்து கூடத்தில் உட்காரும். முதலில் நாய்க்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். பிறகு ஒரு முழம் ஆனது. சிநேகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் நாயின் கிண்ணத்தில் பூனை வாய் வைத்தபோது நாய் தள்ளி உட்கார்ந்தது, அதற்கு மேல் எனக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மதியம். பாவா மோருக்குக் காத்திருந்தார். நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவராகவே சிரித்தார்.

"உங்க அக்காவுக்கு சத்தம் இருந்தாதான் தூக்கம். அவ நாயிக்கு சத்தமே ஆவாது. நல்லா வளத்தா போ" என்றார். பிறகு, "அதான், அந்த ஆஸ்பத்திரி ஜன்னலு" என்று நிறுத்தினார்.

"எந்த ஜன்னலு பாவா?"

"சொன்னேனேம்மா, வந்த மொத வாரமே. இதே எடத்துல உக்காந்து சொன்னேன். நீ தலையாட்டிகினே கேட்டியே. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. செரி, அத பத்தி பேச ஒனக்கு மனசு வரல போலன்னு அப்புறம் எடுக்கல."

மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "இன்னொரு தபா சொல்லுங்க பாவா."

"அன்னிக்கி மத்தியானம் ஆஸ்பத்திரில கரண்ட் பூடுச்சு. ஜன்னலுக்குப் பின்னாடியே ஜெனரேட்டர் போட்டாங்க. ஒரே சத்தம், காது கிழியுது. பக்கத்து கட்டில்காரங்க ஜன்னல சாத்துங்கன்னாங்க. நானும் எழுந்தேன். அவ என் கையப் புடிச்சிகினா. 'சாத்தாதீங்க, எங்க வூட்ல தறி ஓடுது'ன்னா. அப்படியே வுட்டுட்டேன். 'பாப்பா பாத்துக்குவா, நான் செத்த தூங்குறேன்'னா. தூங்கிட்டா. அதுக்கப்புறம் முழிக்கல."

நாய் தூக்கத்தில் காலை உதைத்தது. பூனை எழுந்து ஒரு முறை சோம்பல் முறித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. என் கணவர் கை கழுவிவிட்டுத் தறி போடப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அழுது முடிக்கிறவரைக்கும் அவர் சுவிட்சைத் தொடவில்லை.

அன்றைக்கு பாவாவும் நாயும் மாடிக்கு ஏறிப் போனதும், நான்தான் போய் நான்கு தறியையும் போட்டேன். பூனை பரணுக்குத் தாவி மல்லாந்து படுத்துக்கொண்டது. நான் மூன்றாவது தறிக்குப் பக்கத்தில் நின்று இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.